ஃபாதருக்கு நினைவு மலர் போட்ட அனுபவம்

எங்கள் வாத்தியாரான ஃபாதர் இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவரைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நினைவு மலர் போடுவது, அவர் பெயரில் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பது, வகுப்பில் அவர் பேசிய கேசட்டுகளை அழிந்துபோகாமல் எடுத்து வைப்பது என்று மூன்று வேலைகள் என் தலையில் வந்து விழுந்தன. மூன்றையும் ஏறக்குறைய ஒற்றை ஆளாகத்தான் இழுத்தேன். கைக்காசு அறுபதாயிரத்துக்கு மேல் போனது, பல நாள் தூக்கம் போனது, கூடப் படித்த ஒருவனோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஊருக்கு ஊர் ஒரு நல்ல வாத்தியார், ஒரு நல்ல சாமியார் இருந்திருப்பார். அவர் போன பிறகு "ஏதாவது செய்யணும்ப்பா" என்று நாற்பது பேர் சொல்வார்கள், ஒருவன் செய்வான். அந்த ஒருவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை.

முதலில் ஃபாதரைப் பற்றி. அவர் இயேசு சபைக் குரு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் தத்துவம் எடுத்தார். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1978-ல் காமராசர் பெயரைப் பெற்ற அந்த வளாகத்துக்கு நான் எண்பதுகளின் கடைசியில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தேன். காந்தியம், சைவ சித்தாந்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று ஒவ்வொன்றையும் அருகருகே உட்கார்ந்து படிக்க முடிந்த இடம் அது. ஃபாதர் சனிக்கிழமைகளில் எங்களை நடத்தியே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குக் கூட்டிப்போவார். அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறினால், செட்டிப்புடவில் உட்கார்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கும், அதன் முன்னால்தான் வகுப்பு. ஒரு கிறிஸ்தவக் குரு, சமணக் குகையில் உட்கார்ந்து, எங்களைப் போன்ற கள்ளர் நாட்டுப் பிள்ளைகளுக்கு அநேகாந்தவாதம் நடத்துவார். ஒரு பொருளை எத்தனை பக்கமிருந்து பார்க்கலாமோ அத்தனை பக்கமிருந்தும் உண்மை இருக்கும் என்கிற அந்தப் பாடம் அந்தப் பாறையில் உட்கார்ந்து கேட்டதால்தான் எனக்கு மறக்கவில்லை. இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக இருக்கும் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. அவற்றில் குணசேனதேவர் என்கிற சமண ஆசிரியர் பெயரும் அவருடைய மாணாக்கர் வழியில் வந்தவர்கள் பெயரும் வரும். யார் யார் அந்தத் திருமேனிகளைச் செய்வித்தார்கள் என்று எழுதியிருக்கும். ஃபாதர் அதை எங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறார். மலர் வேலை கழுத்தை நெரித்த நாட்களில் எனக்கு அந்தக் கல்வெட்டுதான் அடிக்கடி ஞாபகம் வந்தது. வாத்தியாருக்கு மாணவன் ஏதாவது செய்து வைப்பது இந்த மண்ணில் பழைய வழக்கம்தான்.

பாடம் நடத்தியதைவிட அவர் பெரிதாகச் செய்த வேலை, பிள்ளைகள் சொல்வதைக் கேட்டது. அவருடைய அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் மணல் பரப்பிய தட்டில் ஒரு மண்பானை, அதன் மூடி மேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். யார் போனாலும் முதலில் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அழுதுகொண்டே போனவன்கூட அந்தத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடுவான். என் அப்பா நான் முதல் வருஷம் படிக்கும்போதே தவறிப்போனார். காரியம் முடித்துவிட்டு, படிப்பை விட்டுவிடுகிறேன், மெஸ் பாக்கி வேறு ஏறிக் கிடக்கிறது என்று போய் நின்றேன். "ரெண்டுக்கும் ஒரே நாள்ல பதில் தேடாதய்யா. பாக்கியை நான் பாத்துக்கிறேன். துக்கத்தை நீ பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த மாதம் என் அம்மா ஒரு பை நிறைய மொச்சையோடு அவரைப் பார்க்க வந்து, பயந்துகொண்டே, "எங்க பிள்ளையை வேதத்துல சேத்துருவீகளா சாமி?" என்று கேட்டது. அவர் சிரித்துவிட்டு, "முதல்ல அவனைப் பரீட்சையில தேத்துவோம் ஆத்தா" என்றார். நான் இன்றைக்கும் பாண்டி முனிக்குப் பொங்கல் வைக்கிறவன்தான். மதம் மாற்றிவிடுவார் என்கிற அந்த ஒரு பயத்தோடு அவரிடம் போகத் தயங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். 1606-ல் மதுரைக்கு வந்து தமிழும் சமஸ்கிருதமும் படித்த தத்துவ போதகர் என்ற இயேசு சபைக் குரு நொபிலியின் வழியில் வந்தவர் என்று அவரைப் பற்றி மேடையில் பேசுவார்கள். அதைக் கேட்டால் கூச்சப்படுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் இறந்த செய்தி வாட்ஸ்ஆப்பில் வந்தது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துச் சபைக்காரர்களே அசந்துபோனார்கள். கோர்ட்டில் வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், தாசில்தார், பர்தா போட்ட ஓர் அம்மா என்று எல்லாரும் அழுதுகொண்டு நின்றார்கள். அன்றைக்கு ராத்திரியே ஒரு வாட்ஸ்ஆப் குழு உருவானது. மலர் போடணும், சிலை வைக்கணும், பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளை வைக்கணும் என்று செய்திகள் குவிந்தன. மதுரையிலேயே இருப்பவன், தமிழாசிரியர் வேலை பார்ப்பவன் என்பதால் எல்லாரும் கையை என் பக்கம் காட்டினார்கள். துக்கத்தில் இருக்கிறவனுக்கு வேலை கிடைப்பது ஒருவகையில் ஆறுதல்தான், நானும் சரி என்றேன். அந்த முதல் வாரத்தில் யார் எதை ஒத்துக்கொள்கிறார்கள் என்று பெயர் போட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். துக்கத்தின் சூட்டில் சொல்வது முப்பதாம் நாள் திருப்பலியோடு ஆறிவிடும். அதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது, அவரவருக்குக் குடும்பம், வேலை என்று இருக்கிறது.

நான் முதலில் போனது அவர் கடைசியாக இருந்த இல்லத்துக்கு. அவருடைய நோட்டுகள், வகுப்புக் குறிப்புகள், கடிதங்கள் கிடைத்தால் மலருக்கு உதவும் என்று நினைத்தேன். அறை காலியாகி, வெள்ளையடித்து, வேறொரு வயதான குரு குடியேறியிருந்தார். புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நோட்டுகள் எங்கே என்று கேட்டபோது, எரித்துவிட்டோம் என்றார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. முப்பது வருஷ நோட்டுகளை எரிக்க எப்படி மனசு வந்தது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அங்கிருந்த மூத்த குரு கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து காட்டினார். ஃபாதர் கையெழுத்து, அந்தச் சாய்ந்த எழுத்து. பிள்ளைகளைப் பற்றிய நோட்டுகளைப் படிக்காமல் எரித்துவிடவும் என்று இரண்டே வரி. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களை அறிக்கையிடும்போது, கேட்டதை ஒரு குரு வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம், நேரடியாக மீறினால் அந்த நொடியே அவர் திருச்சபைக்கு வெளியே போய்விடுவார், அவ்வளவு கடுமை. ஆனால் எங்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களே இல்லை, நாங்கள் அவரிடம் போய் அழுதது பாவசங்கீர்த்தனமும் இல்லை. அந்தச் சட்டம் எங்கள் பேச்சுக்குப் பொருந்தாது. இருந்தாலும் எங்களுக்கும் அதே காவலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் மலரில் எது வரலாம், எது வரக்கூடாது என்று எனக்குப் பிடிபட்டது.

துறவிகள் விஷயத்தில் வெளியாட்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. துறவற உறுதிமொழியான வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு துறவி தன் உழைப்பால் சம்பாதிப்பது எல்லாம் சபைக்குப் போய்ச் சேரும், அவருக்கென்று தனிச்சொத்து கிடையாது. சம்பளம் மட்டும் அல்ல, அவர் எழுதிவைத்த கட்டுரையைப் பற்றிப் பேசவும் சபையிடம்தான் போக வேண்டும். அதனால் மலர், அறக்கட்டளை என்று எதை ஆரம்பிப்பதாக இருந்தாலும் முதல் வேலையாக அந்தச் சபையின் மறைமாநிலத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, தலைவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். இயேசு சபைக்காரர்கள் ஆவணம் காப்பதில் கெட்டிக்காரர்கள், கொடைக்கானல் செண்பகனூரில் மதுரை மிஷன் காலத்துக் கடிதங்களையெல்லாம் சேர்த்து வைத்தவர்கள். முறையாகக் கேட்டதும் ஃபாதர் பழைய பத்திரிகைகளில் எழுதிய கட்டுரைகளின் பிரதிகளை அவர்களே தேடிக் கொடுத்தார்கள்.

அடுத்தது பணம். குழுவில் யாரோ என் கூகுள் பே எண்ணைப் போட்டுவிட, ஆயிரம், ஐயாயிரம் என்று வர ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் உதைத்தது, தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் ஐம்பதாயிரத்துக்கு மேல் பணம் வந்தால், மேலே உள்ள தொகைக்கு மட்டும் இல்லை, முழுத் தொகையுமே உங்கள் வருமானம் என்று வரித்துறை எடுத்துக்கொள்ளும். ஃபாதர் பெயரில் வந்தது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், ஆயிரம் டாலர் அனுப்புகிறேன் என்று எண் கேட்டார். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர். ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் நம்ம ஊர் ரத்தமாகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். இப்படி ஒரு பொதுக் காரியத்துக்கு அதை வாங்க 2010-ஆம் வருஷத்து எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு உள்ள அமைப்புகூட முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். இது தெரியாமல் யாராவது நல்ல மனசோடு வாங்கிவிட்டால் பின்னால் பெரிய வம்பு.

வந்த பணத்தை ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பினேன். இதில்தான் மனசு நொந்தது. சிலர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் "என் காசு உங்களுக்குத் தீட்டா?" என்று கேட்டார். அப்புறம் தனியாக ஒரு டிரஸ்ட் பதிவு செய்யலாமா என்று விசாரித்தேன். பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், டிரஸ்ட் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் டிரஸ்டின் வரிவிலக்குக்கு 12ஏ, நன்கொடை கொடுப்பவரின் வரிக்கழிவுக்கு 80ஜி என்று பதிவு, வருஷா வருஷம் கணக்குத் தாக்கல். வருஷத்துக்கு ஐம்பதாயிரம் புரளப்போகிற ஒரு காரியத்துக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. கடைசியில் சபையே நடத்தும், ஏற்கெனவே எல்லாப் பதிவும் உள்ள ஒரு கல்வி அறக்கட்டளைக்கு நேரடியாகப் பணம் போகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். ரசீது அவர்களே கொடுக்கிறார்கள். 80ஜி கழிவு வேண்டும் என்பவர்கள் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது, இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்றால் கழிவு கிடையாது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்த மனஸ்தாபங்கள் வந்திருக்காது, ஆனால் அந்தக் குழுவில் நூற்றுக்கும் மேல் படித்தவர்கள் இருந்தும் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

அறக்கட்டளைச் சொற்பொழிவு வைக்கணும் என்று பலருக்கு ஆசை. அதில் உள்ள கணக்கைப் பாருங்கள். நாம் கொடுக்கும் பணத்தை வைப்புநிதியில் போட்டு, வட்டியை மட்டும்தான் எடுத்துச் செலவு செய்வார்கள். ஒரு லட்சம் போட்டால் ஏழு சதவீதம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு ஏழாயிரம். பேச வருகிறவருக்கு மதிப்பூதியம், பயணச்செலவு, சால்வை, டீ, அதோடு முடிந்தது. இருபது வருஷம் கழித்து அந்த ஏழாயிரத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? மெஸ் பாக்கி கட்டிய மனிதர் பெயரில் சால்வை போர்த்திக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, நாற்பது பேர் ஆளுக்கு வருஷம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நாற்பதாயிரம், அது ஒரு பிள்ளையின் விடுதிச் செலவில் கணிசமாகத் தாங்கும். முதலீடு இல்லை, நாற்பது பேரும் ஞாபகமாகக் கொடுக்க வேண்டும் என்கிற தொல்லை உண்டு. ஆனாலும் இதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

மலருக்குக் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. இந்த இடத்தில்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் தங்கள் கதையை எழுதினார்கள், அதில் பிரச்சினை இல்லை. ஒரு நண்பர் விடுதியில் தன் அறைத்தோழன் தூக்க மாத்திரை தின்று சாகப் பார்த்ததையும், தான் அவனை ராத்திரியில் ஃபாதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததையும், பிறகு மாதக்கணக்கில் ஃபாதர் அவனோடு தினமும் நடந்ததையும் பெயர், ஊர், துறை எல்லாம் போட்டு உருக்கமாக எழுதியிருந்தார். மலரிலேயே சிறந்த கட்டுரை அதுதான். அந்த அறைத்தோழரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்புறம், "அண்ணே, இது என் வீட்டுக்காரிக்கே தெரியாதுண்ணே. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். பெயரை மாற்றிப் போடலாமா என்று கேட்டேன். துறையும் வருஷமும் தெரிந்தால் கூடப் படித்தவன் கண்டுபிடித்துவிடுவான் என்றார், அது உண்மைதான். கட்டுரையை எடுத்துவிட்டேன். எழுதிய நண்பர் புரிந்துகொண்டார். இன்னொருவன் புரிந்துகொள்ளவில்லை. வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் காதல் விவகாரத்தில் ஃபாதர் எப்படிச் சமாதானம் செய்தார் என்று அவன் எழுதியிருந்தான். அந்த அம்மா இப்போது ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. போடமுடியாது என்றதும் குழுவை விட்டே போய்விட்டான், அவனோடுதான் இன்றுவரை பேச்சு இல்லை. வருத்தம்தான். ஆனால் ஃபாதரே எரிக்கச் சொன்னதை நாம் அச்சில் போடுவதற்கு என்ன உரிமை? கட்டுரையில் பெயர் வருகிற ஒவ்வொருவருக்கும், உயிரோடு இருந்தால், நீங்களே போன் செய்து கேளுங்கள். எழுதினவர் "அவன் ஒண்ணும் நினைக்கமாட்டான்" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

ஃபாதர் எழுதிய இன்லேண்ட் கடிதங்களைப் பலர் பத்திரமாக வைத்திருந்து அனுப்பினார்கள். கடிதத் தாள் நம்முடையது, அதில் உள்ள எழுத்துக்கு உரிமை எழுதியவருடையது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் இறந்து அறுபது வருஷம்வரை அந்த உரிமை இருக்கும். எனவே இதற்கும் சபையின் அனுமதி, கடிதம் யாருக்கு வந்ததோ அவருடைய சம்மதம், இரண்டும் வேண்டும். கிழிந்த மடிப்பில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது.

அச்சு வேலையில்தான் பணம் போனது. தெரிந்தவர் சொன்னார் என்று ஓர் அச்சகத்துக்காரரிடம், பேப்பர் வாங்க முன்பணம் என்று இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன். துண்டுச்சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேப்பர் வரவில்லை, பிளேட் போடுகிறேன் என்றார், வீட்டில் சாவு என்றார், அப்புறம் போன் எடுக்கவில்லை. ஒருநாள் நேரில் போனால் அந்தக் கடையில் செல்போன் சர்வீஸ் போர்டு தொங்குகிறது. போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தேன், என்னிடம் இருந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத ஒரு சீட்டு. என் கைக்காசு என்பதால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி. அன்றைக்கு ராத்திரி ஃபாதர் இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேனே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இரண்டாவது அச்சகத்தில் இப்படிச் செய்தேன்: மேப்லித்தோ பேப்பரை நானே கடையில் பில் போட்டு வாங்கி இறக்கினேன், மீதிப் பணத்தைப் பக்க வடிவமைப்பு முடிந்ததும் ஒரு பகுதி, அச்சானதும் ஒரு பகுதி, புத்தகக் கட்டு கைக்கு வந்ததும் மீதி என்று வங்கி வழியாகக் கொடுத்தேன். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களைப் பாரம் என்பார்கள், ஒரு பாரம் பதினாறு பக்கம் என்பதையும் மனதில் வையுங்கள். 176 பக்கம் என்றால் பதினோரு பாரம் சரியாக வரும், 180 என்றால் நாலு பக்கத்துக்காகக் கூடுதல் செலவு.

எழுத்துரு இன்னொரு தலைவலி. சிலர் பாமினியில், சிலர் வானவில்லில், சிலர் செல்போனில் யூனிகோடில், வயதானவர்கள் கையெழுத்தில். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, ஒற்றெழுத்து காணாமல் போய், "கொடுத்தார்" என்பது என்னவோ ஆகி நிற்கும். முதல் அறிவிப்பிலேயே யூனிகோடில் அனுப்புங்கள், முடியாதவர்கள் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிடுங்கள், கையெழுத்தைத் தட்டச்சு செய்வது பழைய எழுத்துருவைத் திருத்துவதைவிடச் சீக்கிரம் முடியும். புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண் வாங்கப் பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள், அது ராஜாராம் மோகன் ராய் பெயரில் உள்ள அரசு முகமையிடம் இலவசமாகவே கிடைக்கும், தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். புத்தகம் வந்ததும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள், 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிப்பிப்பவர் கடமை அது. நம் வீட்டு அலமாரியில் கரையான் அரித்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

கேசட்டுகள். பழைய மாணவர் ஒருவர் வகுப்புகளைப் பதிவு செய்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஒரு கடையில் கொடுத்தேன், ஆறாயிரம் வாங்கிக்கொண்டு, பூஞ்சை பிடித்த ஒன்றை அப்படியே ஓட்டி நாடாவை அறுத்து, மீதியைக் கரகரவென்று எம்பி3-யாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பழைய கேசட் டெக் வாங்கி நானே உட்கார்ந்தேன். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை, ஓட்டவே கூடாது, அது டெக்கின் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், தனியாக எடுத்து வையுங்கள். நாடா வெளியே தெரிகிற இடத்தின் நடுவில் மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஒரு சின்னப் பஞ்சுத்துண்டு இருக்கும். பழைய கேசட்டுகளில் அந்தப் பஞ்சு விழுந்திருக்கும், சத்தம் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நல்ல பஞ்சு உள்ள, திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்குள் நாடாச் சுற்றை மாற்றிவிட்டால் குரல் தெளிந்துவிடும். முதல் முறை அப்படி மாற்றிப் போட்டபோது, சமணர் மலைக் காற்றுச் சத்தத்துக்கு நடுவில் "யாருய்யா அங்க தூங்குறது" என்று அவர் குரல் வந்தது. நான் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. வேவ் கோப்பாக எடுத்து, இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் அனுப்புவதற்கு எம்பி3 செய்துகொள்ளுங்கள்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது ஒன்று. மலருக்குத் தொடர்பு எண் என்று என் எண்ணைப் போட்டதும், ஃபாதரிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள். ஐம்பது வயது ஆள் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, இனிமேல் நான் யாரிடம் போவேன் என்று அழுவார். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, எங்க அப்பா உங்க ஃபாதர் கிட்டத்தான் பேசுவார், நானும் பேசணும், யார் இருக்கா என்று கேட்டாள். கேட்பது எப்படி என்று ஃபாதர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் தத்துவம் படித்த தமிழ் வாத்தியார் மட்டும்தான். கேட்டுக் கேட்டு எனக்கே நெஞ்சு கனத்து, வகுப்பில் பேச்சு வராமல் நின்றிருக்கிறேன். ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தபோது அவர்தான் 14416 என்கிற டெலி மானஸ் எண்ணைச் சொன்னார். மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இப்போது யார் கூப்பிட்டாலும் கேட்கிறேன், முடித்துவிட்டு அந்த எண்ணையும் கொடுக்கிறேன், அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல ஆலோசகரையும் காட்டிவிட்டேன். ஆலோசனை சொல்லி வாழ்ந்த ஒருவருக்கு மலர் போடுகிறீர்கள் என்றால் உங்கள் சொந்த எண்ணைப் போடாதீர்கள், தனி சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் மலரின் உள்ளட்டையிலேயே உதவி எண்ணை அச்சடியுங்கள், நாங்கள் அடித்தோம்.

முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் மேடை, மைக் எதுவும் இல்லாமல் ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுத்தோம். பண்டலைப் பிரித்துக் கொடுத்ததே அந்த அறைத்தோழர்தான், அவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. உதவித்தொகை ஜூன் மாதம் முதல்முறையாக ஒரு மாணவிக்குப் போயிருக்கிறது. யாருக்கு என்பதைச் சபைதான் முடிவு செய்கிறது, எங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நாற்பது பேரில் இந்த வருஷம் முப்பத்திரண்டு பேர் பணம் கட்டிவிட்டார்கள், மற்றவர்களுக்கு நான் இன்னும் ஞாபகப்படுத்தவில்லை. கேசட்டில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, டெக்கின் பெல்ட் தளர்ந்துபோனதால் வேலை நிற்கிறது. பெல்ட் கிடைத்ததும் பரீட்சை லீவில் உட்கார்ந்து மீதியையும் முடித்துவிடுவேன்.